டெல்டாவில் சைக்கிள்: காவிரிக்கரையா, புதாற்றங்கரையா, கொள்ளிடக்கரையா, வெண்ணாற்றங்கரையா?

கல்லணையில் தண்ணீர் நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, புதாறு எனப்படும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். நான்குக்கும் கரை உண்டு, கரைமேல் ஏதோ ஒரு வழியும் உண்டு. ஏற்றம் இறக்கம் கிடையாது. மலைப்பாதை ஓட்டும் தெம்பு இல்லாதவர்களும், மெயின் ரோட்டில் பஸ்ஸுக்குப் பயந்து சைக்கிளை மூலையில் சாத்தி வைத்தவர்களும் நிம்மதியாக ஓட்ட தமிழ்நாட்டில் இதைவிட நல்ல நிலப்பரப்பு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் நான்கும் ஒன்றல்ல. ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? ஆற்றின் பெயரைப் பார்க்காதீர்கள், டயருக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பாருங்கள் என்பதே என் பதில்.

பெயரைப் பார்த்து வருபவர்கள் முதலில் போவது காவிரிக்கரைக்குத்தான். கல்லணையிலிருந்து பூம்புகார் போகும் மாநில நெடுஞ்சாலை பெரும்பாலும் காவிரியை ஒட்டியே போகிறது. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு என்று வரிசையாகக் கோயில்கள், படித்துறைகள், டீக்கடைகள். பசித்தால் திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிடலாம். பார்க்க இவ்வளவு இருந்தும் சைக்கிளுக்கு இதை நான் முதலிடத்தில் வைக்க மாட்டேன். தார் ரோடு குறுகல், பஸ் வேகம், வளைவில் எதிரே வருவது தெரியாது. மண் கரை கிடைக்கும் இடங்கள் துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன. படுகையில் வாழையும் மூங்கிலும் அடர்ந்து நிற்பதால் பல இடங்களில் ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் கண்ணில் படாது. கல்லணைக்கும் கோவிலடிக்கும் நடுவில் மட்டும் விதிவிலக்கு. அங்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் நிலம் ஒல்லியாக இருக்கிறது. காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் இரண்டு ஆற்றையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம்.

கல்லணைக் கால்வாயை ஊர்க்காரர்கள் புது ஆறு, புதாறு என்பார்கள். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து 1930களில் வெட்டியது. தஞ்சாவூர் நகருக்குள் புகுந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கமாக கிட்டத்தட்ட 148 கிலோமீட்டர் போகிறது. பழைய டெல்டாவுக்குத் தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடிப் போகும். இங்கே மேட்டு நிலத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோக வெட்டியிருக்கிறார்கள். அதனால் மண்ணே வேறு. தஞ்சாவூருக்குத் தெற்கே செம்மண்ணும் சரளையும். மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வடிந்து தரை இறுகிவிடும், டயரில் ஒட்டாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில் ஓட்டியே தீருவேன் என்பவர்களுக்கு இது ஒன்றுதான் வழி.

குறை என்னவென்றால், அண்மைக் காலத்தில் கால்வாயின் பெரும்பகுதிக்கு கான்கிரீட் போட்டுவிட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர அது தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சாய்வான கான்கிரீட்டில் பாசி பிடித்தால் கால் நிற்காது. தண்ணீர் நிறைந்து ஓடும்போது உள்ளே விழுந்தவர் தானாக ஏறி வருவது பெரும்பாடு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்தக் கரையை நான் சொல்ல மாட்டேன். பெரியவர்களும் தண்ணீர்ப் பக்கம் ஒட்டாமல் வயல் பக்கமாகவே ஓட்டுங்கள்.

கொள்ளிடத்தைப் பற்றி சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது வெள்ளத்துக்கான ஆறு. உபரி நீர் வந்தால்தான் தண்ணீர், மற்ற நாளில் அகலமாக மணலும் நாணலும். கரை உயரம், நிழல் கிடையாது, கடை கிடையாது. மணல் லாரி போன இடங்களில் தடம் ஆழமாக இருக்கும், மெல்லிய டயர் அதில் சிக்கினால் ஆளைச் சாய்த்துவிடும். பறவை பார்ப்பவர்களுக்கும், யாரும் இல்லாத வெளி பிடித்தவர்களுக்கும் சரி. திருமானூர்ப் பாலம் வரை போய்த் திரும்பினால் போதும். இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் ஏறாதீர்கள்.

இப்போது வெண்ணாறு. யாரும் அதிகம் பேசாத ஆறு, சைக்கிளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தஞ்சாவூருக்கு வடக்கே வெண்ணாற்றங்கரையில் மாமணிக்கோயில் பக்கம் தொடங்கி, கிழக்கே நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு வரை போகலாம். அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறு மூன்றாகப் பிரிகிறது. ஷட்டர்களுக்குக் கீழே தண்ணீர் நுரைத்துச் சுழலும் சத்தம் கண்ணுக்கு ஆறு தெரியும் முன்பே காதில் விழும். போகும் வழிதான் கோவில்வெண்ணி. கரிகாலன் வெண்ணிப் போரில் வென்ற இடம் இதுதான் என்பார்கள். அவன் பெயரோடு சேர்ந்த அணையிலிருந்து வரும் தண்ணீரோடு அவன் போர்க்களம் வரை மிதித்துப் போவது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

ஆனால் வெண்ணாற்றை முதலில் வைப்பதற்குக் காரணம் வரலாறு இல்லை. பெரிய சாலை ஆற்றை விட்டு விலகிப் போவதால் கரைமேல் வருவது டிவிஎஸ் எக்ஸெல்லும், மாட்டுக்குப் புல் ஏற்றிய சைக்கிளும், எப்போதாவது ஒரு டிராக்டரும்தான். ஆறும் கைக்கெட்டும் அகலம். அக்கரையில் துவைப்பவர்களோடு பேசலாம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கரையைவிடத் தாழ்வாக வயல். பயிர்மேல் காற்று அலையடித்துப் போவதை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே ஓட்டலாம். சில மைலுக்கு ஒரு மதகு, மதகு ஓரத்தில் ஒரு புளியமரம் அல்லது அரசமரம், நிழலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

அவரிடம் கட்டாயம் கேளுங்கள். எந்தக் கரையில் வழி நன்றாக இருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். “அண்ணே, இப்படியே நேரா போலாமா?” என்றால், “போலாம் தம்பி, அடுத்த மதகுல அந்தக் கரைக்கு ஏறிக்குங்க, இந்தப் பக்கம் பொக்லைன் மண்ணு கொட்டிக் கெடக்கு” என்று பதில் வரும். எந்த மேப்பிலும் அந்தத் தகவல் கிடையாது.

வெண்ணாற்றுக் கரையின் எதிரி ஈரம். இது வண்டல் களிமண். ஒரு மழை பெய்தால் போதும், டயரில் மண் சுருண்டு சுருண்டு ஏறும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, அதோடு வைக்கோலும் சேர்ந்து இறுகினால் சக்கரம் சுற்றவே சுற்றாது. குச்சியால் குத்தி எடுத்து நாலு சுற்று மிதித்தால் மறுபடி அதே கதை. மட்கார்டு இடைவெளி நெருக்கமாக உள்ள சைக்கிள் என்றால் மழைக்கு அடுத்த இரண்டு நாள் இந்தப் பக்கம் வராதீர்கள். காய்ந்துவிட்டாலோ அதே களிமண் சிமெண்ட் தரை போல இறுகிக் கிடக்கும். அப்போது சாதாரண ரோட்ஸ்டர் சைக்கிளே போதும், கியர் தேவையில்லை. ரோட்டுக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் சைக்கிள் என்றால் 38 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் கை வலிக்காது. பஞ்சர் கிட் மட்டும் நாலு கரைக்கும் பொது. சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த ஆறும் ஒன்றுதான்.

எப்போது போவது என்பது எந்தக் கரை என்பதற்குச் சமமான கேள்வி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள், கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள் ஆகும். ஆனால் 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செய்தியைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தூர் வாரும் வேலை நடக்கும், வாரிய மண் கரையிலேயே கிடக்கும், வண்டி போகாது. தண்ணீர் குறைவான வருடங்களில் ஆற்றுக்கு ஆறு முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள், அப்போது ஒரு வாரம் நிறைந்து ஓடிய ஆறு அடுத்த வாரம் மெலிந்திருக்கும்.

ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசும். தஞ்சாவூரிலிருந்து கிழக்கே மிதிப்பவருக்குப் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும், திரும்பி வருபவருக்கோ மூச்சு வாங்கும். அதனால் நான் ஆடியில் ஒருவழிப் பயணம்தான் சொல்வேன். நீடாமங்கலத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. சைக்கிளை லக்கேஜாக ஏற்ற முடியுமா, எந்த வண்டியில் முடியும் என்று தஞ்சாவூர் ஸ்டேஷனில் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கும் வரை பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது. வெயில் ஏறாது, களிமண் காய்ந்திருக்கும், ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடும் வரை ஆற்றில் தண்ணீரும் இருக்கும். அந்த வாரங்களில் கரைமேல் நெல் காயப்போட்டிருப்பார்கள். ஓரமாக வழி விட்டிருந்தாலும் சரி, விடாவிட்டாலும் சரி, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கரை அவர்களுடையது.