ஒன்பது டிவி, நாலு வருடம்: எங்கள் ஆபீஸ் வீடியோ விநியோகக் கதை

ஆபீஸ் முழுக்க டிவி மாட்டுவது என்று முடிவானபோது, டிவி வாங்குவதுதான் பெரிய வேலை என்று நினைத்தேன். டிவிகள் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. அவற்றுக்குள் படத்தை ஒழுங்காக அனுப்பும் வழி கைக்கு வர இரண்டு வருடம் பிடித்தது. இப்போது நாலு வருடம் முடிந்திருக்கிறது. இதே வேலை யார் தலையிலாவது விழுந்திருந்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

இரண்டு மாடி, ஒன்பது டிவி. ரிசப்ஷனில் ஒன்று, கேன்டீனில் இரண்டு, வேலை செய்யும் ஹால்களில் நாலு, பெரிய மீட்டிங் ஹாலில் ஒன்று, கஸ்டமர் சப்போர்ட் அறையில் ஒன்று. ஐடி வேலை என் பொறுப்பு என்பதால் இதுவும் என்னிடம் வந்தது. வீடியோ பற்றி அதற்கு முன் எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டு டிவிதான்.

முதலில் கீழ்த்தளத்தில் நாலு டிவிக்கு மட்டும் ஒரு மினி பிசியும், ஒன்றை நாலாகப் பிரிக்கும் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டரும் வைத்தோம். எளிமையான அமைப்பு. ஆனால் படத்தில் எழுத்தெல்லாம் மங்கல். புது 4கே டிவிகளில்கூட அட்டவணை எண்களைக் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருந்தது. கேபிள்மேல் சந்தேகப்பட்டு இரண்டு கேபிளை மாற்றினேன், பிசியின் டிரைவரையும் மாற்றினேன். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி கேன்டீனில் மாட்டியிருந்த, குறைந்த ரெசல்யூஷன் உள்ள பழைய 720பி டிவி! ஒவ்வொரு டிவியும் தனக்கு என்னென்ன ரெசல்யூஷன் தெரியும் என்று சொல்லும் ஒரு சின்னத் தகவலை எச்டிஎம்ஐ வழியாகப் பிசிக்குத் திருப்பி அனுப்பும். அதற்கு இடிஐடி என்று பெயர். எங்கள் ஸ்பிளிட்டர் நாலு டிவியின் பட்டியலையும் ஒப்பிட்டு, எல்லோருக்கும் பொதுவானதை மட்டும் பிசியிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் மெதுவாக நடப்பவருக்காக எல்லோரும் மெதுவாக நடந்த கதைதான். பழையதைக் கழற்றிய நிமிடமே எழுத்து பளிச்சென்று ஆனது. இடிஐடியை நாமே தேர்ந்தெடுக்கும் குட்டி ஸ்விட்ச் உள்ள ஸ்பிளிட்டர்களும் உண்டு. வாங்குவதாக இருந்தால் அதையே வாங்குங்கள்.

இதில் இன்னொரு தொல்லை எச்டிசிபி என்னும் காப்புப் பூட்டு. பாதுகாக்கப்பட்ட வீடியோவை ஓடவிட்டால், வரிசையில் ஒரே ஒரு கருவி சரியான பதில் சொல்லாவிட்டாலும் திரை கறுப்பாகிவிடும். நாங்கள் அதோடு பெரிதாக மல்லுக்கட்டவில்லை. ஓடிடி சந்தாக்கள் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் என்று சட்டப்பிரிவு சொன்னதும் அந்த ஆசையே போய்விட்டது.

அடுத்தது மேல்மாடி. சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 1080பிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். 4கே 60, அதாவது வினாடிக்கு 60 படம் ஓடும் 4கே என்றால் ஐந்து மீட்டரைத் தாண்டினாலே அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டும். அதனால் மீட்டிங் ஹாலுக்கு, எச்டிஎம்ஐ படத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் எச்டிபேஸ்டி எக்ஸ்டெண்டர் பெட்டி போட்டோம். கேட்6 கேபிள் ஒன்றிலேயே நூறு மீட்டர் வரை போகும், தாமதம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பார்க்க நெட்வொர்க் கேபிள் மாதிரியே இருந்தாலும் இது நெட்வொர்க் இல்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேராகப் போக வேண்டும், நடுவில் ஸ்விட்ச் கூடாது. எங்கள் ரேக்கில் ஒரு பையன் நல்ல எண்ணத்தோடு அதை நெட்வொர்க் ஸ்விட்ச்சில் சொருகிவிட, அரை நாள் படமே வரவில்லை.

அந்த ஹாலிலேயே இன்னொன்றும் நடந்தது. ஏசி ஓடத் தொடங்கினால் படம் சிமிட்டும். பெட்டியை மாற்றினோம், அப்போதும் அதே. ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து கேபிளின் முனையை வெட்டி, உள்ளே உள்ள கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டினார் எலெக்ட்ரீஷியன். செம்பு நிறம் உரிந்து வெள்ளையாக மின்னியது. "தம்பி, இது செம்பு இல்ல, அலுமினியத்துக்கு மேல பூசினது" என்றார். முழுச் செம்புக் கேபிள் இழுத்து மாட்டினோம், சிமிட்டல் நின்றது. அன்றிலிருந்து அந்தப் பெட்டியை நான் தொட்டதே இல்லை. இந்த ஒன்பதில் எனக்குத் தலைவலி தராத ஒரே டிவி அதுதான்.

மிச்ச டிவிகளுக்கெல்லாம் தனித்தனிக் கேபிள் இழுப்பது நடக்காத காரியம். எல்லா இடத்திலும் நெட்வொர்க் பாயிண்ட் ஏற்கெனவே இருந்ததால் ஐபி வழி வீடியோவுக்குப் போனோம். படத்தை நெட்வொர்க்கில் போகும்படி மாற்றப் பிசி பக்கம் ஓர் என்கோடர், அதைத் திரும்பப் படமாக்க ஒவ்வொரு டிவியின் முதுகிலும் ஒரு டிகோடர். இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1080பி 60 படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் வினாடிக்குச் சுமார் 3 ஜிகாபிட், 4கே 60 என்றால் 12 ஜிகாபிட். சாதாரண ஆபீஸ் ஸ்விட்ச் 1 ஜிகாபிட். அதனால் சுருக்காமல் வேலை நடக்காது. எவ்வளவு சுருக்குவது என்பதில்தான் விலையும் தரமும் தாமதமும் மாறுகின்றன. லேசாகச் சுருக்கும் வகை தாமதமே தெரியாமல் ஓடும், ஆனால் அந்த 1 ஜிகாபிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். நன்றாகச் சுருக்கும் எச்.264 வகைக்குப் பத்து இருபது மெகாபிட் போதும், ஆனால் படம் கொஞ்சம் தாமதித்து வரும். எங்களுடையது அறிவிப்பும் அட்டவணையும்தான் என்பதால் இரண்டாவதை எடுத்தோம்.

தாமதம் எங்களைப் படுத்தவில்லை, நிறம்தான் படுத்தியது. எச்.264 பெட்டிகள் பொதுவாக வெளிச்சத்தைவிட நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில் அனுப்பும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வந்தால் ஓரமெல்லாம் கசிந்த மை மாதிரி இருக்கும். மனிதவளப் பிரிவுக்கு மிகவும் பிடித்த நிறச்சேர்க்கை அதுதான். அவர்களிடம் பேசி ஸ்லைடின் நிறத்தை மாற்றவைக்க நான் பட்ட பாடு, என்கோடரை நிறுவும்போதுகூடப் பட்டதில்லை.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. காலை ஒன்பதரைக்கு வைஃபை படுத்துவிட்டது, பிரிண்டர்களும் பதில் சொல்லவில்லை. காரணம் நாங்கள் முந்தைய வெள்ளிக்கிழமை மாட்டிய என்கோடர். ஒரே வீடியோ ஓட்டத்தைப் பல டிவிகள் வாங்கிக்கொள்ள அது மல்டிகாஸ்ட்டில் அனுப்புகிறது. யாருக்கு அது வேண்டும் என்று ஸ்விட்ச்சுக்குத் தெரியாவிட்டால், எல்லாப் போர்ட்டிலும் அள்ளிக் கொட்டும். வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்கள் அந்தச் சுமையைத் தங்களுடைய மெதுவான வேகத்தில் காற்றில் அனுப்பப் பார்த்து மூச்சுத் திணறின. டிவிகளுக்கென்று தனி விலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) பிரித்து, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் ஓட்டத்தை அனுப்ப ஸ்விட்ச்சுக்கு உதவும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை ஆன் செய்ததும் ஆபீஸ் உயிர் பெற்றது.

ஆனால் டிவி செத்தது. படம் வரும், நாலு நிமிடம் நன்றாக ஓடும், அப்படியே உறைந்துவிடும். டிகோடரை அணைத்துப் போட்டால் மறுபடி நாலு நிமிடம். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேன்டீனில் நின்று அளந்தேன். எல்லாத் தடவையும் நாலேகால் நிமிடத்தை ஒட்டியே நின்றது. அந்தக் கணக்குத்தான் துப்பு. ஸ்னூப்பிங் செய்யும் ஸ்விட்ச், "இந்த ஓட்டம் இன்னும் யாருக்காவது வேண்டுமா?" என்று யாரோ கேட்பதையும் டிகோடர்கள் "வேண்டும்" என்பதையும் கவனித்துக்கொண்டே இருக்கும். அப்படிக் கேட்கிறவர் க்வெரியர். நாங்கள் பிரித்த புது விலானில் க்வெரியரே இல்லை. கேள்வி வராததால் பதிலும் இல்லை. வழக்கமான அமைப்பில் 260 வினாடி ஆனதும் ஸ்விட்ச் கதவைச் சாத்திவிடும். ஸ்விட்ச் செட்டிங்கில் ஒரே ஒரு டிக் போட்டதும் சரியானது. எங்களுக்குப் பெட்டிகளை விற்ற விற்பனையாளர் இதுபற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டெமோவில் அவர் கொண்டுவந்த ஸ்விட்ச்சில் எல்லாம் முன்பே சரிசெய்யப்பட்டிருந்தது. டெமோவை உங்கள் ஸ்விட்ச்சில் காட்டச் சொல்லுங்கள், குறைந்தது பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள்.

இரண்டு வருடம் ஆனபின் ஒரு நாள் பழைய நிகழ்ச்சி அட்டவணைகளைப் புரட்டினேன். ஒன்பது டிவியிலும் ஒரே நேரத்தில் ஒரே படம் உண்மையிலேயே தேவைப்பட்டது எம்டி பேசும் கூட்டங்களுக்கு மட்டும்தான். மாதத்துக்கு ஒரு முறை, சில மாதம் அதுவும் இல்லை. மற்ற நாளெல்லாம் ரிசப்ஷனுக்கு வரவேற்பு, கேன்டீனுக்கு மெனு, சப்போர்ட் அறைக்கு எண்கள் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொன்றுதான் தேவை. மாதத்தில் ஒரு மணி நேரத்துக்காக முழு அமைப்பையும் வாங்கியிருக்கிறோம். இதை முதல் நாளே கேட்டிருந்தால் வாங்கும் வரிசையே மாறியிருக்கும்.

இப்போது மீட்டிங் ஹால் தவிர மற்ற டிவிகளின் பின்னால் ஒரு சின்ன சைனேஜ் பிளேயர் இருக்கிறது. வீடியோவைத் தனக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொள்வதால் நெட்வொர்க் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். டிகோடர் இரண்டாவது எச்டிஎம்ஐயில் கூட்ட நாளுக்காகக் காத்திருக்கிறது. கேன்டீனில் மட்டும் அடுத்தடுத்து உள்ள இரண்டு டிவிக்கும் ஒரு நூலிழை நேர வித்தியாசம் உண்டு. எம்டி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்டதால் ஒன்றை மியூட்டில் வைத்துவிட்டோம்.

டிவியைப் பற்றியும் ஒன்று. நாங்கள் எடுத்தவை வீட்டு டிவிகள். நாலு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை என்றால் தூங்கிவிடும் செட்டிங் அவற்றில் இருக்கிறது, மெனுவில் தேடிப்பிடித்து அணைக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் சில டிவிகள் ஸ்டாண்ட்பையிலேயே நிற்கும். சப்போர்ட் அறை டிவியில், இரண்டாம் வருடமே அட்டவணையின் மேல்பட்டை நிழலாகப் படிந்துவிட்டது. கமர்ஷியல் திரைகள் தினம் 16 மணி, 24 மணி என்ற கணக்கில் ஓடவே செய்யப்படுகின்றன, கரண்ட் வந்ததும் தானே எழுந்துகொள்ளும்படியும் வைக்கலாம். மறுபடி வாங்கினால் சப்போர்ட் அறைக்கும் ரிசப்ஷனுக்கும் அதைத்தான் எடுப்பேன். கேன்டீனுக்கு வீட்டு டிவியே போதும்.

ஆன், ஆஃப் வேலையை இப்போது எச்டிஎம்ஐ வழியாகப் போகும் சிஇசி கட்டளை பார்த்துக்கொள்கிறது. காலை எட்டரைக்கு எல்லாம் விழித்துக்கொள்ளும், ஏழாம் நம்பர் தவிர. ஃபர்ம்வேர் மாற்றிப் பார்த்தாயிற்று, போர்ட் மாற்றிப் பார்த்தாயிற்று, அது கேட்பதாக இல்லை. பெருக்க வரும் அக்காதான் என் மேஜைப் பக்கம் எட்டிப்பார்த்து, "தம்பி, ஏழாவது இன்னும் தூங்குது" என்பார். நான் டிராயரிலிருந்து ரிமோட்டை எடுத்துக் கொடுப்பேன்.