அப்பா பெயரில் இருக்கும் காரைக்குடி வீடு: விடுப்பு முடிவதற்குள் எந்த அலுவலகத்தில் எவ்வளவு வேலை முடியும்

சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ மூன்று வார விடுப்பில் வந்து, காலமான அப்பாவின் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிட்டே திரும்பலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். முழுவதும் முடியாது. வரிசை தவறாமல் போனால் பெரும்பகுதி முடியும். அலுவலகக் கவுண்டர்களில் இன்று அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் ஒரு பெயர், இன்னொரு தாளில் வேறொரு பெயர் என்று இருப்பதால்தான் நாட்கள் போகின்றன. இறப்புச் சான்றை வைத்து வாரிசுச் சான்று, வாரிசுச் சான்றை வைத்துப் பட்டா, பிறகு சொத்து வரி, மின் இணைப்பு என்று ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் வேலை இது. முதல் தாளில் உள்ள எழுத்துப் பிழை கடைசித் தாள் வரை கூடவே வரும்.

எந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. காரைக்குடி வட்டாட்சியர் அலுவலகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேலே உள்ள கோட்டாட்சியர் தேவகோட்டையில், மாவட்ட ஆட்சியர் சிவகங்கையில். நகராட்சியாக இருந்த காரைக்குடி 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், கோவிலூர், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. இதில்தான் வெளியூரிலிருந்து வருபவர்கள் குழம்புகிறார்கள். வரி, குடிநீர், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை மாநகராட்சிப் பக்கம் போகும். நிலம் சம்பந்தப்பட்ட வருவாய்க் கிராமம் அப்படியே இருக்கும். அதே கிராம நிர்வாக அலுவலர்தான். கோட்டையூர் வீட்டின் பட்டாவுக்கு மாநகராட்சியில் போய் நின்றால் ஒரு பொழுது வீணாகும்.

இறப்புச் சான்று எளிது. கடந்த சில ஆண்டுகளின் பதிவாக இருந்தால் அரசின் பிறப்பு இறப்பு இணையதளத்திலிருந்து கட்டணமில்லாமல் பதிவிறக்கிக்கொள்ளலாம். க்யூஆர் குறியீடு இருப்பதால் வட்ட முத்திரை தேவையில்லை. அதற்கு முந்தைய பதிவு என்றால் பதிவேட்டைத் தேடிப் போக வேண்டும். பழைய கிராமப் பதிவேடுகள் வட்டாட்சியர் அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ இருக்கும், இரண்டு இடத்திலும் கேளுங்கள். இறந்த தேதி சரியாகத் தெரிந்தால் ஒரு மணி நேர வேலை; "எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ" என்றால் பதிவேடு பதிவேடாகப் புரட்ட வேண்டிவரும். திதியைக் குறித்து வைத்திருக்கும் குடும்பங்கள் அதைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு ஆங்கிலத் தேதியாக்கிக்கொண்டு போவது பெரிய உதவி.

பெயரில் பிழை இருந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்திக்கொள்ளுங்கள். 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. மூலப் பதிவை அழிக்காமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதிப் பதிவாளர் தேதியோடு கையொப்பமிடுவார். காரைக்குடிப் பக்கத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நகரத்தார் குடும்பங்களில் விலாசம் (பெயருக்கு முன்னால் வரும் முன்னோர் பெயர்களின் முன்னெழுத்து வரிசை) உண்டு. பத்திரத்தில் "மெ. பழ. ராம. சித." என்று நான்கு முன்னெழுத்து இருக்கும். இறப்புச் சான்றில் அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் ஏறியிருக்கும். மகனின் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் விலாசமே இருக்காது, தகப்பன் பெயர் குடும்பப் பெயராக நீண்டிருக்கும். மூன்றும் ஒரே குடும்பம் என்று ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிழை திருத்த முடியாத இடத்தில், இந்த எல்லாப் பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் ஒன்று எழுதி, ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணைத்துவிடுங்கள். எந்தெந்த ஆவணத்தில் எந்த வடிவம் இருக்கிறது என்பதை அதில் வரிவரியாகச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் இறந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றே அடிப்படை. சிங்கப்பூர்ச் சான்றுக்கு 2021 செப்டம்பர் முதல் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி தரும் சான்றொப்பம்) கிடைக்கிறது, அதைப் புறப்படுமுன்பே வாங்கிவிடுங்கள். அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால் அந்நாட்டு வெளியுறவுத் துறையின் சான்றொப்பமும் இந்தியத் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும்.

அடுத்தது வாரிசுச் சான்று. மொத்தச் சங்கிலியிலும் கவனம் அதிகம் வேண்டிய இடம் இதுதான். இறந்தவர் கடைசியாக வசித்த வட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சொத்து இருக்கும் வட்டம் அல்ல. கடைசிக் காலத்தில் அப்பா மதுரையில் மகள் வீட்டில் இருந்து இறந்திருந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய், ரசீது உண்டு. இந்துக் குடும்பத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. அப்பா போய்ச் சேர்ந்தபோது அப்பத்தா உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயரும் வர வேண்டும். பின்னால் அவரும் காலமாகியிருந்தால் அவருடைய இறப்புச் சான்றையும் சேர்க்க வேண்டும். அதிகம் விட்டுப்போவது இந்தப் பெயர்தான். முன்பே இறந்துபோன மகன் இருந்தால் அவருடைய மனைவி, பிள்ளைகளும் வாரிசுகள். கட்டிக்கொடுத்த பெண்களை விட்டுவிட்டு எழுதுவது தவறு மட்டுமல்ல, பின்னாளில் வழக்காகும்.

கவுண்டரில் பணியாளர் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வார். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, தமிழ் வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். 'சிதம்பரம்' தமிழில் சரியாக வந்திருக்கும், ஆங்கிலத்தில் ஒரு எழுத்து குறைந்திருக்கும். சமர்ப்பித்த பிறகு திருத்துவது புது விண்ணப்பம் போடுவதைவிடச் சிரமம். இன்னொன்று: சரிபார்ப்புக்கான ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) எல்லாம் இந்தியச் செல்பேசி எண்ணுக்கே வரும். வெளிநாட்டு எண் இங்கே உதவாது. பழைய இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருப்பவர்களுக்கு வேலை பாதி குறைகிறது. இல்லையென்றால் ஊரிலேயே இருக்கும் வாரிசு ஒருவரை விண்ணப்பதாரர் ஆக்குங்கள். அதுவே நல்ல வழி.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும். கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தாரிடம் வாக்குமூலம் வாங்குவார். வீடு பூட்டிக் கிடந்து, தெருவில் புதியவர்கள் குடிவந்திருந்தால் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது. குடும்பத்தை அறிந்த இரண்டு பேரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் என்பதால் வட்டாட்சியர்கள் பெரும்பாலும் சிவகங்கையில் இருப்பார்கள். அன்று போய்ப் பயனில்லை. மே, ஜூனில் ஜமாபந்தி (கிராம நிலக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) நடக்கும் நாட்களில் அலுவலகம் முழுவதும் அதிலேயே இருக்கும். ஆனால் பட்டாவில் தீராத குறை இருந்தால் மனுக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

பட்டாவுக்கு வருவோம். ஊருக்குள் இருக்கும் வீடுகளுக்கு நகர நில அளவைப் பதிவேடுதான் பேசும். அதில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று இருக்கும். அப்பா காலத்துப் பத்திரத்திலோ பழைய புல எண் இருக்கும். இரண்டுக்கும் உள்ள தொடர்பை நில அளவைப் பிரிவில் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வில்லங்கம் பார்க்காதீர்கள். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். பழைய எண்ணில் ஒரு முறை, புது எண்ணில் ஒரு முறை தேட வேண்டும். ஒன்றில் மட்டும் தேடிவிட்டு "வில்லங்கம் இல்லை" என்று நிம்மதி அடைவது ஆபத்து. கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குத் தனியாக மனுப் போட வேண்டும்.

எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்டால் அளவை தேவையில்லை, வேலை விரைவாக நகரும். உட்பிரிவு (இடத்தைப் பிரித்துத் தனித்தனி எண்) கேட்டால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், அது விடுப்புக்குள் அடங்காது. முதலில் கூட்டுப் பட்டா, உட்பிரிவு பிறகு என்பதே என் பரிந்துரை. 1980களில் நடந்த யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவின்போதே பெயர் தவறாக ஏறியிருந்தால் காரைக்குடியில் முடியாது; தேவகோட்டைக்கு, கோட்டாட்சியர் விசாரணைக்குப் போக நேரலாம்.

பாகம் பிரிப்பதற்கும் ஒருவர் பங்கை விட்டுக்கொடுப்பதற்கும் சார்பதிவாளர் அலுவலகம். குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000. மூலப் பத்திரம் கையில் இருக்க வேண்டும், நகல் போதாது. முகூர்த்த நாட்களில் அரசே கூடுதல் டோக்கன் தருகிறது, கூட்டமும் அதற்குத் தக்க இருக்கும். செவ்வாய், அஷ்டமி, நவமி பார்க்காதவர்கள் அந்த நாட்களில் போனால் நிதானமாகக் கையெழுத்திடலாம், தாளைப் படித்துப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பங்காளிகள் நான்கைந்து நாடுகளில் இருப்பார்கள். எல்லோரையும் ஒரே நாளில் ஒரே மேசைக்குக் கொண்டுவர முடியாது என்பதால்தான் பல வீடுகள் பேரன் காலம் வரை பூட்டியே கிடந்து ஓடு சரிகின்றன. அலுவலகத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் வீட்டைப் பரம்பரையாகப் பெறலாம், பாகமும் கேட்கலாம். விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வந்து இறங்கியதும் ஆதார் பதியலாம். ஓ.சி.ஐ. காரர்கள் விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாள் இங்கே தங்கியிருக்க வேண்டும்.

சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு நிலுவை இருக்கக் கூடாது. அரையாண்டு வரியை ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். இணைந்த பகுதிகளில் பழைய வரி விதிப்பு எண்ணைக் காட்டும் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மின் இணைப்பின் பெயரையும் இதே தாள்களை வைத்து மாற்றிவிடலாம்.

மிச்ச வேலைக்கு ஊரில் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் முன்னிலையில் பதிந்துவிடுவதே சுலபம். எல்லா அதிகாரமும் தரும் பொது அதிகாரப் பத்திரம் வேண்டாம். பட்டா, வரி, மின்சாரம், இன்ன பத்திரத்தில் கையெழுத்து என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள், விற்கும் உரிமையைத் தராதீர்கள். வெளிநாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் எழுதி அனுப்பினால், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். வந்த தேதிக்கு ஆதாரமாக கூரியர் உறையையும் பத்திரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். முகவர் ஒரு பத்திரத்தைப் பதியப் போகும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதால், பதிவு நாள் முடிவான பிறகு அங்கிருந்து வாங்கி அனுப்புங்கள்.