காஸ்பர் பரீட்சைக்கு 'உத்தரவாதம்' தருகிறோம் என்பவர்களிடம் காசு கட்டாதீர்கள்

1,850 டொலர் போய்விட்டது. வாங்கியது ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனம். பெயர் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரிக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிறோம் என்று விளம்பரம் போடும் கூட்டத்தில் ஒன்று.

தம்பி இந்த வருடம் ஒன்ராறியோவில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறான். காஸ்பர் என்பது இக்கட்டான நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்கும் இணையவழிப் பரீட்சை; சில பதில்களைத் தட்டச்ச வேண்டும், சிலவற்றை வீடியோவில் சொல்ல வேண்டும். அது பிறந்ததே ஹமில்ரனில் இருக்கும் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில்தான். அங்கே நேர்காணலுக்குக் கூப்பிடும் கணக்கில் அதுவும் சேரும். ஒரு விண்ணப்பச் சுற்றில் ஒருமுறைதான் எழுதலாம். அந்தப் பயத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

சூமில் வந்தவர் தமிழர். "அக்கா, இவன் எனக்கும் தம்பி மாதிரித்தான்" என்றார். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்டார். கரவெட்டி என்றதும், "என்ர மனுசியின்ர ஆக்களும் அங்கதான் அம்மா!" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது, நான் கார்ட்டை எடுத்தேன். முன்பு காஸ்பர் விடைகளைத் திருத்தியவர்களே தம்பியின் பதில்களைப் பார்ப்பார்களாம், உண்மையான பழைய கேள்விகள் கிடைக்குமாம், நாலாவது குவாட்டைல், அதாவது எழுதியவர்களில் மேல் கால்வாசிக்குள் வருவது, உறுதியாம், இல்லையென்றால் முழுக் காசும் திரும்பவாம்.

திருத்தி வந்ததைப் பார்க்க வேண்டுமே! நண்பன் பரீட்சையில் பார்த்து எழுதுவதைக் கண்டால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு, "மேலாளரிடம் தனியே பேசியது நன்று" என்று குறிப்பு. அந்தக் கேள்வியில் மேலாளரே இல்லை. அடுத்தது மருந்துக்கடை வரிசையில் நடந்த சண்டை பற்றியது. அதற்கும் அதே வரி, முற்றுப்புள்ளிக்கு முன்னால் விழுந்திருந்த இடைவெளி உட்பட. எந்தக் கேள்விக்கும் பொருந்தும் என்று ஒரு முன்னுரையை வேறு பாடமாக்க வைத்தார்கள். வீடியோவில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். தம்பி சொல்லிப் பார்த்தான். முன்னுரையே அரை நிமிடத்தைத் தின்றுவிட்டது.

காசைத் திருப்பிக் கேட்டால் சாட்டில் "உங்கள் அக்கறையைப் புரிந்துகொள்கிறோம்". போன் எடுத்தால் "அவர் மீற்றிங்கில் இருக்கிறார்". கடைசியில் ஒரு மின்னஞ்சல்: முதல் வீடியோவைத் திறந்ததுமே பணம் திரும்பப் பெறும் உரிமை போய்விட்டதாம். அப்ப உத்தரவாதம்? அதற்கு எல்லாப் பாடங்களையும் நூறு வீதம் முடித்திருக்க வேண்டுமாம். கடைசி இரண்டு பாடங்கள் இன்னும் 'விரைவில்' என்று பூட்டியே கிடக்கின்றன! 1,850 டொலருக்கு! கரவெட்டி மருமகனுக்கு வட்ஸ்அப்பில் நீலக்குறி விழுகிறது, பதில் மட்டும் இல்லை.

எப்படித் தயாராவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் ஓடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். குவாட்டைல் என்பது மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கொடுப்பது, அதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் பிள்ளைகள் எழுதுகிறார்கள். பழைய கேள்வி விற்பவர் ஒன்றில் பொய் சொல்கிறார், அல்லது பிள்ளையை மாட்டிவிடுகிறார். பரீட்சை நடத்துபவர்களின் தளத்திலேயே மாதிரிப் பரீட்சை இலவசம். எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள், வேகமாகத் தட்டச்சப் பழகினால் போதும். காசு கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கிரெடிட் கார்ட்டில் கட்டுங்கள், வங்கியிலாவது முறையிடலாம். நான் நாளைக் காலை அதைத்தான் செய்யப்போகிறேன். சாட்டில் அவர்கள் சொன்னதையெல்லாம் இன்றிரவே படம் பிடித்து வைத்தாயிற்று. நீங்களும் அவர்கள் அழிக்க முன்னர் பிடித்து வையுங்கள்.