முடக்குவாதத்துக்கான மொபைல் செயலிகள்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

மூட்டுவாத நோயாளிகளுக்கு நல்லது என்று யார் எந்தச் செயலியைச் சொன்னாலும் நான் முதலில் ஒன்றைத்தான் பார்க்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரையை அதில் பதிய முடிகிறதா?

முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உள்ள பலர் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை வாரம் ஒருமுறைதான். தவறுதலாகத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும், ரத்த அணுக்கள் சரியும். உயிரே போனவர்கள் உண்டு. மாத்திரைப் பெயரை அடித்ததும் 'தினசரி' என்று தானாகவே நிரப்பிக்கொண்ட ஒரு செயலியை அன்றைக்கே நீக்கினேன். இப்போது வைத்திருப்பது சாதாரண மாத்திரை ரிமைண்டர்தான். ஞாயிற்றுக்கிழமை என்று கிழமையைக் குறிக்கலாம். அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட்டை டாக்டர் சொன்ன வேறொரு நாளில் தனியாக வைக்கலாம். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அடுத்த டெஸ்ட் எப்போது என்பதையும் போட்டுவைக்கலாம். பெயரில் 'ஆர்த்ரைட்டிஸ்' என்று இருப்பதால் மட்டும் ஒரு செயலி நமக்கானதாகிவிடாது.

அடுத்தது, வலியைக் குறித்துவைப்பது. தினமும் வலி எவ்வளவு, தூக்கம் எப்படி, மழை பெய்ததா என்று கேட்கிற செயலிகளை நான் சில மாதங்களுக்கு மேல் தொடர்ந்ததில்லை. நாள் முழுக்க மனம் வலியிலேயே நின்றுவிடுகிறது. ராபிட்3 என்ற கேள்வித்தாள் உள்ள செயலிதான் எனக்கு ஒத்துவந்தது. கடந்த ஒரு வாரத்தில் அன்றாட வேலைகளைச் செய்ய முடிந்ததா, வலி எவ்வளவு, மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்ற மூன்றையும் சேர்த்து 0 முதல் 30 வரை மதிப்பெண் தரும். 12-ஐத் தாண்டினால் நோய் தீவிரம், 3-க்குள் இருந்தால் ஏறக்குறைய அடங்கியிருக்கிறது என்று பொருள். இந்த மதிப்பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை. மாத்திரை போடும் ஞாயிறன்றே இதையும் நிரப்பிவிடுகிறேன்.

நோயின் தீவிரத்தை அளக்கும் டாஸ்28 என்ற கணக்கைப் போடும் செயலிகளும் நிறைய இருக்கின்றன. அதற்கு 28 மூட்டுகளையும் அழுத்திப் பார்த்து வலியையும் வீக்கத்தையும் எண்ண வேண்டும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி அளவும் வேண்டும். பழகிய டாக்டரின் கை செய்ய வேண்டிய வேலை அது. நாமே எண்ணிப் போட்ட எண்ணை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

டாக்டரிடம் காட்டும்போதுதான் ஒரு செயலியின் தரம் தெரியும். ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது சில நிமிடம். வண்ண வண்ணப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. ஒரே பக்க பிடிஎஃப் வேண்டும்: மதிப்பெண் ஏறி இறங்கிய கோடு, காலையில் விரல் இறுக்கம் விட எவ்வளவு நேரமானது, விட்டுப்போன மாத்திரைகள். வீங்கிய விரலைப் படம் எடுத்து அதே தேதியில் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. டாக்டரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வடிந்திருப்பது நம் எல்லோருக்கும் நடப்பதுதானே! பிடிஎஃப் எடுக்க முடிவதில் இன்னொரு லாபமும் உண்டு. செயலிகள் சொல்லாமல் மூடப்படுகின்றன, பதிவுகளும் கூடவே போகின்றன.

நம்பகத்தை எப்படிப் பார்ப்பது? செயலிகளை மதிப்பிட ஆஸ்திரேலியாவில் 2015-இல் வெளியான மார்ஸ் என்ற அளவுகோலில் 23 கேள்விகள் உண்டு. அவ்வளவும் நமக்குத் தேவையில்லை. யார் செய்தது, மூட்டுவாத மருத்துவர்களும் நோயாளிகளும் அதில் இருந்தார்களா, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். ப்ளே ஸ்டோரில் உள்ள தரவுப் பாதுகாப்புப் பகுதியையும் படிப்பேன், ஆனால் அதை எழுதுவது செயலிக்காரரேதான் என்பதை மறப்பதில்லை. ஜெர்மனியில் 2020 முதல் அரசு பரிசீலித்துப் பட்டியலிட்ட செயலிகளை டாக்டரே எழுதித் தருகிறார், செலவைக் காப்பீடு ஏற்கிறது. இங்கே சலித்தெடுக்கும் வேலை நம் தலையில்தான். முடக்குவாதத்தை வேரோடு போக்கும் என்று சொல்லி லேகியம் விற்கும் செயலி எதுவானாலும் தொடவே வேண்டாம்.

விரல் வலிக்கும்போது பொத்தான்கள் பெரிதாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எனக்குப் பெரிய குறை கேள்விகளில்தான். ஷூ லேஸ் கட்ட முடிகிறதா, காரில் ஏறி இறங்க முடிகிறதா என்று கேட்கிறார்கள். என்னோடு ஓ.பி.யில் காத்திருக்கும் அம்மாக்களிடம் கேட்க வேண்டியவை வேறு: புடவைக் கொசுவம் வைக்க வருகிறதா, ஈரத்துணியைப் பிழிய முடிகிறதா, சம்மணம் போட்டு உட்கார்ந்து தானாக எழுந்திருக்க முடிகிறதா, குக்கர் மூடியைத் திறக்க முடிகிறதா. இந்தக் கேள்விகளைத் தமிழில், குரலிலேயே பதில் சொல்லும்படி யாராவது செய்து கொடுத்தால், முதல் ஆளாக நிறுவிக்கொண்டு அவர்களுக்கும் நிறுவிக் கொடுப்பேன்.