விம்ல ஆறு வருஷம்: ஜே அமுக்குனா 'ப' விழுற கதை

மலேசியால சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை தோட்டத்துல கிராணி நான், அதாவது கணக்கு எழுதுற கிளார்க்கு. பகல்ல குலை எடை, செக்ரோல் (ஆளுங்க வேலைக்கு வந்த கணக்கு), ஆளுங்க பேரு. ராத்திரி ஆனா கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி மலர்னு யாராச்சும் டைப்பிங் வேலை கொண்டு வந்துடுவாங்க. எல்லாத்துக்கும் ஆறு வருஷமா விம்ங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்தான், லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்ல, தமிழ்99 கீபோர்டு அமைப்போட. விம் ஓடுற டெர்மினல்ல (எழுத்து மட்டும் காட்டுற கட்டளை ஸ்கிரீன்) கொம்பும் எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும், அது கண்ணுக்குப் பழகிருச்சு. கீ மேப்பிங்தான், அதாவது எந்த கட்டைய அமுக்குனா என்ன நடக்கணும்னு சொல்லி வைக்கிறதுதான், என்னைய ரொம்ப படுத்துச்சு, அத மட்டும் சொல்றேன்.

விம்ல எழுதுற மோடு வேற, கட்டளை குடுக்குற நார்மல் மோடு வேறன்னு தெரியும்ல. நார்மல்ல கீழ போக ஜே, மேல போக கே. தமிழ்99-ல ஜே இருக்குற கட்டை 'ப', கே இருக்குற கட்டை 'ம'. தமிழ் ஆன்ல இருக்கும்போது எழுதி முடிச்சு கீழ போலாம்னு ஜே அமுக்குனா விம்முக்குப் போய்ச் சேர்றது 'ப', அதுக்கு அப்படி ஒரு கட்டளையே கிடையாது, கர்சர் நின்ன எடத்துலயே நிக்கும். லாங்மேப்னு ஒரு செட்டிங் இருக்கு, க-வ எச்சா எடுத்துக்கோ, ப-வ ஜேயா எடுத்துக்கோன்னு சொல்லலாம், ஆனா ஐபஸ் (லினக்ஸ்ல தமிழ் அடிக்க வைக்கிற புரோகிராம்) அடுத்து உயிரெழுத்து வருதான்னு பாத்துட்டு எழுத்த பிடிச்சு வச்சுக்கும், அதனால எனக்கு ஒழுங்கா வரல. கடைசில இன்சர்ட்லீவ்னு ஒரு ஆட்டோகமாண்ட் (ஒண்ணு நடந்தா தானா ஓடுற கட்டளை) போட்டேன், எழுதுற மோட விட்டு வெளிய வந்தா ஐபஸ்ஸ தானா இங்கிலீஷுக்கு மாத்திடும், திரும்ப உள்ள போனா தமிழ்.

சூப்பரா வேலை செஞ்சுது. சில நேரம். சில நேரம் தமிழ்லயே மாட்டிக்கும், ஏன்னு புரியல. ஐபஸ்ஸ அழிச்சு திரும்ப போட்டேன், விம்மோட செட்டிங் இருக்குற விம்ஆர்சி ஃபைல பாதியா வெட்டி வெட்டி பாத்தேன், ஒரு மாசம் இதே வேலை. தப்பு என் விரல்ல இருந்துச்சு. எஸ்கேப் கட்டை தூரம்னு எல்லாரும் ஜேஜே-வ எஸ்கேப்பா மேப் பண்ணுவாங்க, ஆனா தமிழ்99-ல ஜேஜே அடிச்சா 'ப்ப' ஆயிடும், அப்பான்னு அடிக்கிற மாதிரி, எஸ்கேப் எங்க வரும். அதனால நான் கண்ட்ரோல்-சி அமுக்கியே வெளிய வர பழகிட்டேன். கண்ட்ரோல்-சி-ல வெளிய வந்தா இன்சர்ட்லீவ் ஓடவே ஓடாது! ஹெல்ப்ல தெளிவா எழுதிருக்கான், நான்தான் படிக்கல. எஸ்கேப் தொட்ட நாள் நல்ல நாள், கண்ட்ரோல்-சி தொட்ட நாள் கெட்ட நாள், அவ்ளோதான் லா. இப்ப எழுதுற மோடுல கண்ட்ரோல்-சி-யவே எஸ்கேப்புக்கு மேப் பண்ணி வச்சாச்சு, நோரீமேப்லதான், அதாவது அது திரும்ப வேற மேப்புக்குப் போகாத மாதிரி. பழைய ஜேஜே மேப்பையும் தூக்கிட்டேன், அது இருந்தா இங்கிலீஷ்ல ஒத்த ஜே அடிச்சாலும் இன்னொரு ஜே வருமான்னு 1000 மில்லிசெகண்ட் காத்துட்டு நிக்கும்.

இன்னொரு கூத்து. சேவ் பண்ண கண்ட்ரோல்-எஸ் மேப் போட்டேன், அமுக்குனதும் ஸ்கிரீன் செத்த மாதிரி ஆயிடுச்சு. மலருக்கு அடிச்ச ரெண்டு பக்கமும் போச்சுன்னு பவர ஆஃப் பண்ணிட்டேன், அப்புறம் விம் தானா எழுதி வைக்கிற ஸ்வாப் ஃபைல்ல இருந்து பாதிய மீட்டேன். விம் சாகல, டெர்மினலுக்கு கண்ட்ரோல்-எஸ்னா 'அப்படியே நில்லு'ன்னு பழைய காலத்துல இருந்து அர்த்தம். கண்ட்ரோல்-க்யூ அமுக்கிருந்தா திரும்ப ஓடிருக்கும்.

எஃப்5-க்கு போட்ட மேப் வேற, சேவ் ஆகும், ஆனா ஒவ்வொரு தடவையும் கர்சர் ஒரு எழுத்து தள்ளி நிக்கும். மேப் வரியோட கடைசில ஒரு ஸ்பேஸ் விட்டு குறிப்பு எழுதி வச்சிருந்தேன். மேப் வரில குறிப்பு குறிப்பா இருக்காது, அந்த ஸ்பேஸையும் கட்டளையா எடுத்து ஓட்டிடும்.

இப்பல்லாம் எந்த கட்டை தகராறு பண்ணாலும் மொதல்ல வெர்போஸ் மேப்னு அடிச்சு அந்த கட்டை பேர போடுவேன். எந்த ஃபைல்ல எத்தனாவது வரில கடைசியா மேப் பண்ணுனதுன்னு காட்டிடும். ஒரு தடவ பாத்தா நான் தொடவே தொடாத பிளகின் (விம்மோட சேத்துப் போடுற துணை புரோகிராம்) ஒண்ணு என் கட்டைய எடுத்து வச்சிருக்கு.

தமிழ்ல அடிக்கிறவங்களுக்கு டெல்கம்பைன் செட்டிங் நல்லது. அது இல்லாட்டி எக்ஸ் அமுக்குனா 'கி' முழுசா போயிடும், போட்டுட்டா கொக்கி மட்டும் போகும், 'க' நிக்கும்.

இன்னும் சரியாகாதது ஒண்ணு இருக்கு. நோட்டீஸ்ல ர-வ ற-ஆ மாத்தணும்னா ஆர் அமுக்கி எழுத்த அடிக்கணும், ஆனா அது நார்மல் மோடு, இங்கிலீஷ் எழுத்துதான் விழும். அதனால எஸ் அமுக்குறேன், ர அழிஞ்சு எழுதுற மோடு தொறக்கும், தமிழும் தானா வந்துடும், ற அடிச்சுட்டு எஸ்கேப். ஒரு கட்டை கூட. தேடுறதுக்கு ஸ்லாஷ் போட்டா மட்டும் இன்னும் கையாலதான் தமிழுக்கு மாத்திக்கிட்டு இருக்கேன்.