மார்த்தாண்டம் இறையியல் வகுப்பு: போய்க் கேட்க வேண்டியது

மார்த்தாண்டத்தில் ஞாயிறு மாலைகளில் ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர் ஒருவர் நடத்தும் இறையியல் வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கட்டணம் குறைவு, இடைவேளையில் கட்டன் சாயாவும் உண்டு.

கிறிஸ்துவின் இறைத்தன்மை பற்றி முடிவெடுக்க ஆயர்கள் கூடிய கி.பி. 325 நிசேயா சங்கத்தை ஒரே அமர்வில் முடித்தது எனக்குப் போதவில்லை. மகனாகிய கிறிஸ்துவும் படைக்கப்பட்டவர்தான் என்ற, அந்தச் சங்கம் நிராகரித்த ஆரியுஸின் வாதம் அவ்வளவு எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல.

ஆனால் 'கடவுள் துன்பப்படுவாரா?' என்ற அமர்வு ஒன்றுக்காகவே சேரலாம். கடவுளிடம் மாற்றமில்லை, ஆகவே துன்பம் அவரைத் தீண்டாது; சிலுவையில் கிறிஸ்து பட்ட பாடு மனித இயல்பில் பட்டது என்பார் பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். துன்பப்பட முடியாதவரால் அன்புசெய்யவும் முடியாது, கடவுள் நம்மோடு கூடவே துன்பப்படுகிறார் என்று இருபதாம் நூற்றாண்டில் வாதிட்டார் ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன். அப்போது குளச்சல் அக்கா ஒருவர் எழுந்தார். 2004 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

"கூட இருந்து அழ எனக்கு ஊரே இருந்தது சார். கடலை அதட்டுகிற கடவுள்தான் வேண்டும்."

பேராசிரியர் சாக்பீஸை மேசையில் வைத்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அக்குவினாஸின் நியாயமும் அதுதான் அம்மா. வெள்ளத்தில் அடித்துப் போகாதவர்தான் கைகொடுத்துத் தூக்க முடியும்" என்றார். என் மனம் இன்னமும் மோல்ட்மன் பக்கம்தான். என்றாலும் அந்த அக்காவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

முன்வரிசையில் உட்காருங்கள்; பின்னால் மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்காது.