கிச்சன் தராசு, மூன்று வருடத்துக்குப் பிறகு: நன்றாக நிறுக்கிறது, நடுவில் அணைந்துபோகிறது

ரிப்பேருக்குப் போயிருந்த தராசு போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டது. அடுப்பு ஆவி பட்டுப் பட்டு, பேட்டரி உட்காரும் கம்பிச்சுருள் பச்சை பூத்துப்போயிருந்தது. மிக்ஸி, ரேடியோ எல்லாம் பார்க்கும் ஒருவர் அதைச் சுரண்டி எடுத்து, புதுக் கம்பி வைத்துப் பற்றவைத்து 80 ரூபாய் வாங்கினார். "இது தானா ஆஃப் ஆகுறதை மட்டும் நிறுத்திக் குடுக்க முடியுமாண்ணா?" என்று கேட்டேன். "அது சிப்புக்குள்ளயே இருக்கும்மா, நாம ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதே வாரம் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண், "உடம்பைக் குறைக்கணும்க்கா, உங்க வீட்டுல இருக்கிற மாதிரி ஒரு தராசு வாங்கட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எண்ணெய். இந்தத் தராசு கொடுத்த பெரிய சந்தோஷம் அதுதான். எண்ணெய்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து டேர் பொத்தானை அழுத்தினால் பூஜ்யம் காட்டும். எடுத்துப் போய் வாணலியில் ஊற்றிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தால் மைனஸ் 18 என்று வரும். ஊற்றியது 18 கிராம். கரண்டி வேண்டாம், கிண்ணம் வேண்டாம், பிசுபிசுப்பு இல்லை. பொரியலுக்கு எவ்வளவு, சாம்பார் தாளிப்புக்கு எவ்வளவு என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. இதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் வெண்டைக்காய் வதக்கும்போது 'சுருளட்டும்' என்று மேலும் கொஞ்சம் ஊற்றுவோமே, அது 20 கிராம், அதாவது 180 கலோரி என்று எண்ணில் தெரியும்போது கை தானாக நிற்கிறது.

ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாதம் நாலு கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான், பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். அப்படியானால் நாலரை லிட்டர் போதும். நாங்கள் ஆறு லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். மிச்சம் ஒன்றரை லிட்டரில் மட்டும் 12,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. வாக்கிங் போய் அதைக் கரைக்க வேண்டுமென்றால் எத்தனை நாள் நடப்பது! இப்போது நாலரையிலேயே மாதம் ஓடிவிடுகிறது. கருவேப்பிலை வாசமும் கடுகு வெடிப்பும் அப்படியேதான் இருக்கின்றன.

சரி, இவ்வளவு நல்ல சாமான் மேல் என்ன கோபம்?

எண்ணெயை ஊற்றியதும் உடனே திரும்பி வந்து பாத்திரத்தை வைக்க முடியுமா? கடுகு வெடிக்க வேண்டும், வெங்காயம் கருகக் கூடாது, பக்கத்து அடுப்பில் பால் பொங்கும். இரண்டு நிமிடம் அசைவில்லை என்றால் தராசு தன்பாட்டுக்கு அணைந்துவிடும். அணைந்தால் அந்தப் பூஜ்யமும் போச்சு. மறுபடி ஆன் செய்தால் அதற்குப் பாத்திரமும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. தோசை மாவுக்கு உளுந்து நிறுக்கும்போது இது ஒரு தொல்லையே இல்லை. சமைத்துக்கொண்டிருக்கும்போதுதான் காலை வாருகிறது. சமையலறைக்கு என்று பெயர் வைத்து விற்கிறார்கள். சமைக்கும் ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்திருந்தால், பத்து நிமிடமாவது விட்டுவைத்திருக்க மாட்டார்களா? பேட்டரி மிச்சமாகிறதாம். இரண்டு பென்சில் பேட்டரியின் விலைக்காக வேலையைக் கெடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருடமாகியும் பழகவில்லை.

வழி ஒன்று இருக்கிறது. டேரைத் தொடாமல் பாத்திரத்தின் மொத்த எடையை முதலில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை பார்த்துக் கழித்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிய தாளில் 712, 688 என்று பென்சிலால் கிறுக்கி வைப்பேன். நடக்கிறது. ஆனால் அந்தக் கழித்தலுக்குத்தானே பணம் கொடுத்து ஒரு இயந்திரம் வாங்கியது?

உப்பிலும் இப்படித்தான். சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் பூஜ்யத்தைவிட்டு நகராது. மெதுவாக ஏறும் சின்ன எடையைத் தன்னுடைய தடுமாற்றம் என்று நினைத்துப் பூஜ்யத்துக்கே இழுத்துக்கொள்கிறது. இந்த வகைத் தராசுகள் பலவற்றின் குணம் அது. அதனால் உப்பைத் தனியாக நிறுக்காமல், டப்பாவைக் காலையிலும் இரவிலும் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து பேருக்கு 25 கிராம். ஊறுகாயிலும் அப்பளத்திலும் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் வராது, அதையும் மனதில் வையுங்கள்.

அரிசி விஷயத்தில் குறையே சொல்ல மாட்டேன். மாமாவுக்குச் சர்க்கரை. "ஒரு டம்ளர் அரிசிதான் போடுறோம்" என்பது வீட்டுக் கணக்கு. அதே டம்ளரைத் தலை தட்டி நிறுத்தால் 170 கிராம், கோபுரமாக அள்ளினால் 200ஐத் தொடுகிறது. அந்த 30 கிராமில் நூறு கலோரிக்கு மேல் இருக்கிறது. அத்தைக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "கடையிலதான் நிறுப்பாங்க, வீட்டுல சோத்தை நிறுத்தா போடுவாங்க?" என்றார். அவர் சொன்னது நியாயம். அதனால் சோற்றை நிறுப்பதில்லை, களைவதற்கு முன்னால் அரிசியை நிறுக்கிறோம். இலையில் பரிமாறும் கை அத்தையுடையது, அது தாராளமாகவே இருக்கட்டும். பானையில் இருப்பதே அளவுதான்.

இதே தராசால்தான் சாமை, வரகு பற்றிய ஒரு நம்பிக்கையும் வீட்டில் அடங்கியது. சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று மாமா இரண்டு தட்டு சாமைச் சோறு சாப்பிடுவார். நார்ச்சத்து கூடுதல், அது உண்மை. ஆனால் 100 கிராம் சாமையும் 100 கிராம் அரிசியும் கலோரியில் அருகருகேதான் நிற்கின்றன. இப்போது அதையும் நிறுத்துத்தான் உலையில் போடுகிறோம். நிலக்கடலையும் அப்படித்தான்: 30 கிராம் என்றால் 170 கலோரி, ஒரு கைப்பிடி. டிவி முன்னால் டப்பாவோடு உட்கார்ந்தால் கைப்பிடிக்குக் கணக்கு ஏது?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் தட்டை ஒருநாளும் இதன்மேல் வைக்கவிட மாட்டேன். வளரும் பெண், சாப்பாட்டை எண்ணாகப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தால் அதைத் திருப்பி எடுப்பது கஷ்டம். சமைப்பவள் நான், எண் எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நிறுப்பதில் நேர்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரண்டு தடவை கீழே விழுந்தும், பிரிக்காத ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டை வைத்தால் 910ஐ ஒட்டித்தான் காட்டுகிறது. சூடான பாத்திரத்தை மட்டும் வைக்காதீர்கள், எண் அலையும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன பதில்: இதை வாங்காதே. இன்று காலையும் பாகற்காய் வதக்கும்போது அணைந்துவிட்டது, நான் இப்போது அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். இருந்தாலும் பதிலை மாற்றப் போவதில்லை. தராசு கட்டாயம் வாங்கு, தானாக அணைவதை நிறுத்திவைக்க வழியுள்ளதாகப் பார்த்து வாங்கு. நூறு இருநூறு கூடப் போனாலும் பரவாயில்லை. கடையிலேயே பேட்டரி போடச் சொல்லி, உன் கைப்பேசியை அதன்மேல் வைத்து டேர் அழுத்தி, எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் நின்று பார். அணைந்துபோனால் அடுத்த தராசைக் காட்டச் சொல்.